நடுவில் வானம் விட்டுக் கட்டிய வீடு

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு என் தோழி குடும்பத்தோடு பெர்த்துக்குக் கிளம்பினாள். "பதினாறு நாள் எங்க வீட்ல வந்து இருக்க முடியுமா?" என்று போனில் கேட்டாள். பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவளுடைய மாமியாரின் குரல் வந்தது. "பூட்டி வைக்கிற வீடில்லைப் பிள்ளை இது. நாலு நாள் காத்துப் படாட்டிப் பூஞ்சணம் பிடிச்சுப் போடும். நீங்கள் வந்து இருங்கோ."

அப்படித்தான் நானும் 82 வயது அம்மாவும் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளோடு ஜூ சியட் வட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தோழியின் கணவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. காத்தோங் பக்கம் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் இருப்பதும் அதனால்தான். தோழியின் கணவருடைய தாத்தா 1950களில் வாங்கிய வீடு இது. கட்டியது அதற்கும் கால் நூற்றாண்டு முந்தி. வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் சின்ன வாசல், தூண் வைத்த தாழ்வாரம், மாடி முகப்பில் பூங்கொத்துச் சுதை வேலை, தாழ்வாரச் சுவரில் இடுப்பளவுக்கு ரோஜாப்பூ டைல்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் மாமியார் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். நுணுக்கி எழுதிய கையெழுத்து.

காலை ஆறரைக்குப் பின்பக்கச் சன்னல் இரண்டையும் சமையலறைக் கதவையும் திறக்கவும். ஏழு மணிக்கு முன்கதவைத் திறந்து பாதிக்கதவை மட்டும் சாத்தவும். ஒரு மணிக்கு மேல்மாடி முன்சன்னல்களைச் சாத்தவும், ஆனால் பலகைகளைத் திறந்து வைக்கவும். ஐந்தரைக்குத் திரும்பத் திறக்கவும். ஆறரைக்கு விளக்கு. மழை வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

முதல் நாள் இதைப் படித்தபோது வயதானவர்களின் பழக்கம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் புரிந்தது, அது அந்த வீட்டை ஓட்டும் முறை. விசைப்படகு மாதிரி இல்லை, பாய்மரம் மாதிரி. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பாயைத் திருப்புகிற வேலை.

வீட்டின் அகலம் 18 அடி. நீளம் வாசலிலிருந்து பின்கதவு வரை 90 அடிக்குக் குறையாது. சிங்கப்பூரின் பழைய வரிசை வீடுகளும் கடைவீடுகளும் ஏறக்குறைய எல்லாமே இந்த மாதிரி ஒல்லியாக, நீளமாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் மரம். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்கு நடுவில் தூண் இல்லாமல் போடுகிற உத்தரம் எவ்வளவு நீளம் கிடைக்குமோ, அவ்வளவுதான் வீட்டின் அகலம். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். ஆகவே பக்கவாட்டில் ஒரு சன்னல்கூட வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் வர மூன்றே வழி: முன்னால், பின்னால், மேலே.

அந்த மேலே என்பதுதான் விஷயம். கூடத்தைத் தாண்டினால் வீட்டின் நடுவில் கூரை இல்லை. பத்தடிக்கு எட்டடி, திறந்த முற்றம். கிரானைட் பாவிய தரை, கூடத்தைவிட அரை அடி பள்ளம். மேல்மாடி அறைகளின் சன்னல்கள் முற்றத்தைப் பார்த்துத் திறக்கின்றன. வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் சூடான காற்று இந்த வழியாக மேலே போய்விடும். அந்த இடத்தை நிரப்ப முன்வாசல் வழியாகவும் பின்வாசல் வழியாகவும் நிழல்பட்ட காற்று உள்ளே வரும். கூரையின் உச்சியில் இன்னொரு குட்டிக் கூரையைத் தூக்கி வைத்து, நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதுவும் சூட்டை வெளியே விடத்தான். கீழ்த்தளத்து மேற்கூரை 13 அடி உயரம். காலுக்குக் கீழே எப்போதும் குளிர்ந்தே இருக்கும் டைல். மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே சுட்டெரிக்கிறது. கூடத்தில் மின்விசிறி இரண்டாம் எண்ணில் சுற்றினால் போதும். ஏர்கான் படுக்கையறைகளில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பதினாறு நாளில் நான் போட்டது இரண்டே இரவு.

அந்தப் பாதிக்கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாயில் பிந்து பாகார் என்பார்கள். பெரிய கதவுக்கு முன்னால், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு பக்கமும் ஆடும் சின்னக் கதவு. நல்ல செதுக்கு வேலை, பொன்னிறப் பூச்சு கொஞ்சம் மங்கியிருந்தது. பெரிய கதவைத் திறந்துவிட்டு இதை மட்டும் சாத்தினால், தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியாது. தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் காற்று தாராளமாக வரும். வீட்டில் ஆள் இருக்கிறது, கூப்பிடலாம், ஆனால் நேரே உள்ளே நுழைய வேண்டாம் என்பதை அந்தக் கதவே சொல்லிவிடும். நம் ஊர்த் திண்ணை செய்த வேலையில் பாதியை இது செய்கிறது.

அம்மாவுக்கு இந்த வீடு புதிதில்லை. எனக்கும் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1979 வரை நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், இதே மாதிரிக் கடைவீடு ஒன்றின் மாடியில் குடியிருந்தோம். அதே அகலம், அதே நீளம், நடுவில் அதே முற்றம். கீழே மளிகைக் கடை. மாடியில் பலகைத் தடுப்பு போட்டு ஏழு குடித்தனம். எங்களுக்குக் கிடைத்தது நடு அறை, அதாவது சன்னலே இல்லாத அறை. முற்றத்துக்கு மேலே யாரோ எப்போதோ தகரம் அடித்து மூடி, கீழே மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பகலிலும் விளக்கு போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். ஒரு சமையலறை, ஒரு கழிவறை, ஏழு குடித்தனம்.

வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்தது. போருக்குப் பிறகு வீடில்லாமல் தவித்த ஏழைகளுக்கு அது பெரிய காவல். எங்களைப் போன்ற குடும்பங்கள் நகரத்தின் நடுவில் இருக்க முடிந்ததே அதனால்தான். ஆனால் அந்த வாடகையில் ஓடு மாற்றக்கூடக் காசு தேறாது. கூரை ஒழுகும், ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்போம், உத்தரத்தில் கரையான் ஏறும். அந்தச் சட்டம் முற்றாக விலக்கப்பட்டது 2001இல்தான்.

அங் மோ கியோவில் வீவக வீடு கிடைத்த நாளை அம்மா இன்றும் தேதியோடு சொல்வார். சொந்தக் குழாய், சொந்தக் கழிவறை, இரண்டு பக்கமும் சன்னல். எனக்குப் பதினொரு வயது. பழைய வீட்டை நினைத்து நாங்கள் யாரும் ஒருநாளும் ஏங்கியதில்லை. பழைய வீடென்றாலே அழகு, அந்தக் காலமே காலம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்த நடு அறைதான் ஞாபகம் வரும். அதனால்தான் தோழி வீட்டில் முதல் நாள் அம்மா முற்றத்தின் விளிம்பில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது.

"நம்ம வீட்லயும் இது இருந்துச்சுல்ல? இது வழியா வானம் தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அதே வீடு. வசதி அத்தனையும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. தகரத்தை அடித்து மூடி, ஏழாகப் பிரித்து, ஒரு குடும்பத்துக்கென்று வரைந்த வீட்டுக்குள் முப்பது பேர் மூச்சு விட்டதால் அது எங்கள் கண்ணில் படவில்லை. இந்தப் பதினாறு நாளும் என் மனசில் ஓடியது இதுதான்.

இரண்டாம் நாள் அம்மா மெதுவாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். முன் அறைக்குப் போய், தரையில் விரித்திருந்த பாயை ஒதுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "இங்கதான் இருக்கும், பாரு" என்றார். சன்னலுக்கு நாலடி உள்ளே, மரத்தரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரப் பலகை. விரல் நுழைய ஒரு பள்ளம். தூக்கினேன். கீழே தாழ்வாரத்தில் எங்கள் செருப்புகள் இரண்டும் நேராகத் தெரிந்தன. வாசலில் வந்து நிற்பது யார் என்று மாடியிலிருந்தபடியே பார்ப்பதற்கான ஓட்டை அது. அந்தக் கால வீடுகளில் அப்படி வைப்பார்கள். எங்கள் பழைய வீட்டில் முன் அறையில் இருந்த அக்கா அதன் வழியாகக் கீழே அஞ்சடியில் நிற்பது வாடகை வாங்க வந்தவரா, வேறு யாராவதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவாராம். கச்சாங் பூத்தே, அதாவது கடலை விற்பவர் வந்தால் முன்சன்னலிலிருந்து காசு போட்ட கூடையைக் கயிற்றில் இறக்குவார்களாம். கூடை மேலே வரும்போது காகிதக் கூம்பில் கடலை இருக்கும். அம்மா சன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டு, கயிற்றை இழுப்பது போலவே இரண்டு கையையும் மாற்றி மாற்றிக் காட்டினார்.

அஞ்சடி என்ற சொல்லை எத்தனை இளையர்கள் இப்போது சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822இல் நகரத்தைத் திட்டமிட்டபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் எப்போதும் திறந்திருக்கும், கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். அதிலிருந்து வந்தது அது. வெயிலில் காயாமல், மழையில் நனையாமல் ஒரு தெரு முழுக்க நடக்கலாம். முடிதிருத்துபவர், கிளி ஜோசியர், பூக்கட்டுபவர் என்று தேக்காவில் (லிட்டில் இந்தியா) அதுவே கடைவீதியாகவும் இருந்தது. தோழி வீட்டு வரிசையில் அவரவர் தாழ்வாரம் அவரவருக்கு. நடுவில் கட்டைச்சுவர் உண்டு. ஆனாலும் சாயங்காலம் அதன் மேல் முழங்கையை ஊன்றிப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அம்மாவோடு மலாயில் பேசுவார். அம்மாவின் சந்தை மலாய்க்கு நாற்பது வருஷத்துக்குப் பிறகு மறுபடி வேலை வந்தது.

ஆறாம் நாள் மழை வந்தது. வடகிழக்குப் பருவமழை, விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை, அடித்து ஊற்றும் மழை. என் கை தன்னாலே எதையாவது மூடத் தேடியது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

நாலு பக்க ஓட்டு விளிம்பிலிருந்தும் தண்ணீர் நாலு திரையாக விழுந்தது. நடுவில் கிரானைட் தரை கறுத்துப் பளபளத்தது. மூலையில் ஒரு பித்தளைச் சல்லடை, அதற்குள் தண்ணீர் சுழித்து இறங்கிற்று. கூடத்தின் விளிம்பு வரை சாரல் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். சாரல் நிற்கிற கோட்டிலிருந்து சரியாக ஒரு சாண் உள்ளே. சீனர்கள் இப்படி முற்றத்தில் மழை இறங்குவதைச் செல்வம் வீட்டுக்குள் வருவதாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியும் மறுநாள் அதையே சொன்னார். அம்மா அந்த நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. மழை விட்டதும், "காபி போடு" என்றார்.

சரி, குறையும் உண்டு. எட்டாம் நாள் சல்லடையில் பக்கத்து வீட்டு மாமர இலை அடைத்துக்கொண்டது. முழங்கை வரை கைவிட்டு எடுத்தேன். துணி காய இரண்டு நாள் ஆகும். கொசுவர்த்தி இல்லாமல் சாயங்காலம் முற்றத்தில் உட்கார முடியாது. படிக்கட்டு செங்குத்து. அம்மாவை ஏற்றி இறக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். மேல்மாடியில் மெதுவாகப் பேசினாலும் கீழே சமையலறையில் கேட்கும். ஆனால் தோழிக்கு இது குறையில்லை. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது யார் அழுகிறார்கள், யார் யாரைக் கிள்ளினார்கள் என்று அடுப்படியிலிருந்தே தெரிந்துவிடும் என்பாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒதுங்கினாலும் முழுக்க ஒதுங்க முடியாத வீடு. மூன்று தலைமுறை ஒன்றாக இருக்க அது உதவியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சுவர் வேலையைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். சாப்பாட்டு அறையின் இடப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. தொட்டால் வெள்ளை உப்பு விரலில் ஒட்டும். சில வருஷம் முன்பு வேலை பார்த்த குத்தகையாளர் ஒருவர் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான பெயின்ட் அடித்திருந்தார். அங்கேதான் கோளாறு. இந்தச் சுவர்களின் செங்கல் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் மெல்ல மெல்லக் காற்றில் ஆறிப்போகும். சிமென்ட் அதை விடாது. வெளியே போக வழியில்லாத ஈரம் சுவருக்குள் இன்னும் உயரமாக ஏறும், கூடவே உப்பையும் கொண்டுபோகும். உப்பு படிகமாகும்போது பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அதைச் சரிசெய்ய வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. நாங்கள் இருந்த நாட்களில்தான் கடைசிப் பூச்சு. சிமென்டை முழுக்கக் கொத்தியெடுத்துச் சில வாரம் சுவரை ஆறவிட்டிருந்தார். கரண்டியால் கலவையை வீசி, மணியாசுக் கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அவசரமே இல்லை. "இந்தச் செவத்த மூடிப்புடக் கூடாதுக்கா, ஈரம் வெளிய போவணும். எங்க அப்பாயி வீடு பூரா சுண்ணாம்புதான். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுக் கலப்பாங்க" என்றார். சுண்ணாம்பு சிமென்ட் மாதிரி ஒரே நாளில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லாகும். அதுவரை வறண்டு வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். காலையும் மாலையும் அந்தச் சாக்கில் தண்ணீர் தெளிக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார்.

தம்பியிடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பற்றிச் சொன்னேன். 1825 முதல் இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து, 1873 வரை வேலை வாங்கினார்கள். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தைக் கட்டியது அவர்கள் கைதான். உட்சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். தம்பி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அது எங்கக்கா இருக்கு? எந்த எம்ஆர்டி?" என்று கேட்டார். சிட்டி ஹால் ரயில் நிலையம் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, தூண் ஒன்றின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார்.

மற்றபடி உள்ளே இருக்கும் வசதிகள் எல்லா வீட்டிலும் இருப்பவைதான். பின்கட்டில் புதுச் சமையலறை, வெந்நீர்க் குளியலறை. பழையதைக் கெடுக்காமல் கடைசியில் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அது நல்ல முடிவு. டைல்களைத்தான் நான் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இவை இங்கிலாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும், பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தன. முகப்பைப் பார்த்தால் தூண்தலை கிரேக்க பாணி, கூரை விளிம்பு மரவேலை மலாய் பாணி, சுதையில் இருக்கும் பறவையும் பியோனிப் பூவும் சீனப் பாணி. ஒன்றோடொன்று சண்டை போடாமல் 18 அடிக்குள் இருக்கின்றன. பெட்டெய்ன் ரோட்டில் உள்ள 18 வரிசை வீடுகளையும் கூன் செங் ரோட்டையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தேக்காவில் எல்லோரும் படம் எடுக்கும் அந்த வண்ண வீடு, 1900இல் மிட்டாய் வியாபாரி டான் டெங் நியா கட்டியது, அது வேறு மாதிரித் தனி வீடு.

1989இல் லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் முதலிய வட்டாரங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். அது நடந்திராவிட்டால் இவற்றில் பலவும் இன்று இருக்காது. நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு நான் அதற்காக நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் பழுதுபார்த்த சில வீடுகளுக்குள் போனால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முகப்பு புதுப்பொலிவோடு நிற்கும். உள்ளே முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டு அடைத்து, எல்லாச் சன்னலையும் சாத்தி, பகல் முழுக்க ஏர்கான் ஓடும். நாங்கள் தகரம் அடித்தோம், அவர்கள் கண்ணாடி போடுகிறார்கள். எங்களுக்கு வேறு வழி இல்லை. அவர்களுக்கு இருக்கிறது. வெளிச்சுவர் மட்டும் அந்த வீடு இல்லை. காற்று போய் வருகிற வழிதான் அந்த வீடு.

பதினாறாம் நாள் அவர்கள் திரும்பி வந்தார்கள். மாமியார் வந்ததும் சூட்கேசைக்கூட வைக்காமல் சாப்பாட்டு அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத் தண்ணி காட்டியிருக்கிறீங்கள்" என்றார்.

ஈசூனுக்கு வந்த மறுநாள் காலை சத்தம் கேட்டு விழித்தேன். மணி ஆறரை. அம்மா சமையலறைச் சன்னல்கள் இரண்டையும் முழுக்கத் திறந்துவிட்டு, கூடத்துக்கு வந்து வாசற்கதவையும் திறந்து வைத்திருந்தார். இரும்புக் கேட் மட்டும் பூட்டியிருந்தது. முப்பது வருஷமாக எந்நேரமும் சாத்தியே வைத்திருந்த கதவு. தாழ்வாரத்திலிருந்து காற்று வீட்டின் நடுவே நேராக ஓடிச் சமையலறை நாள்காட்டியைப் படபடக்க வைத்தது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து முதலில் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டார். பிடிக்கவில்லை. இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். மின்தூக்கிக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு மலாய்ப் பெண் கேட்டுக்கு வெளியே நின்று, "மக்சிக், சுடா மாக்கான்?" (அத்தை, சாப்பிட்டாச்சா?) என்று கேட்டாள்.